பெண் பறவை கேட்கும் கேள்வி

துன் சம்பந்தன் சாலையில் பேருந்துகளின் இரைச்சல் எழும்புவதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸின் அடுக்குமாடிகளுக்கு நடுவே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. தாழ்ந்து தொடங்கும் குரல் ஒவ்வொரு கூவலுக்கும் சற்றே மேலேறி, உச்சத்தில் சட்டென்று நின்றுபோகிறது. கூவுவது ஆண், மினுங்கும் கறுப்பு உடலும் சிவந்த கண்ணும் அதற்கு. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் இறைந்த பெண் குயில் கூர்மையாக விட்டுவிட்டுக் கத்துமே ஒழிய, இப்படிக் கூவுவதில்லை. இந்தக் கூவலை மகிழ்ச்சியின் பாட்டு என்றும் இளவேனிலின் வரவேற்பு என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கும் கோலாலம்பூரில் இளவேனில் என்றொரு பருவமே கிடையாது. குயில் இங்கும் கூவுகிறது. மயிலின் ஆட்டத்துக்கும் நாம் இதே வகையான விளக்கத்தைத்தான் வைத்திருக்கிறோம். மழையைக் கண்டு மயில் ஆடுவதாகச் சொல்கிறோம். பல இடங்களில் அதன் இனப்பெருக்கக் காலம் மழையை ஒட்டி வருவதால் அப்படித் தோன்றுகிறது. மயில் ஆடுவது மேகத்துக்காக அல்ல, பெண்மயிலுக்காக. பறவைகளின் கூவல், ஆட்டம், வண்ணம், கூடு ஆகிய எல்லாவற்றையும் ஒரு கேள்விக்குத் தரப்படும் பதிலாகப் பார்க்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் பெண். "எனக்கும் என் குஞ்சுகளுக்கும் உன்னிடமிருந்து என்ன கிடைக்கும்?" என்பதுதான் அது. இனத்துக்கு இனம் ஆண் தரக்கூடியது மாறுகிறது. அதனால் கேள்வியும் மாறுகிறது, அதனோடு ஆட்டமும் மாறுகிறது.

மிகச் சாதாரணமான பறவையிலிருந்து தொடங்குவோம். கிள்ளானின் காகம் இந்த மண்ணுக்கு உரியதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களை அரித்த கம்பளிப்புழுக்களைத் தின்னும் என்ற நம்பிக்கையில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனையும் வீட்டுமனைகளும் வந்தன. காகம் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தது. ஆண் காகத்தையும் பெண் காகத்தையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. இரண்டும் சேர்ந்து கூடு கட்டுகின்றன. பெண் அடைகாக்கும்போது ஆண் இரை கொண்டுவருகிறது. குஞ்சுகளுக்கு இரண்டும் ஊட்டுகின்றன. அவற்றின் காதல், கழுத்தைச் சாய்த்துக் காட்டி ஒன்று மற்றொன்றின் இறகைக் கோதிவிடுவதோடு முடிந்துவிடுகிறது. தோகை இல்லை, தனிநிறம் இல்லை, பாட்டு இல்லை. ஏன் இல்லை என்பதற்கு 1972இல் ராபர்ட் டிரிவர்ஸ் ஒரு விதி தந்தார்: குஞ்சு வளர்ப்பில் யார் அதிகம் செலவிடுகிறாரோ அவர் பார்த்துப் பொறுக்குவார், குறைவாகச் செலவிடுபவர் போட்டியிடுவார். காகத்தில் இருவர் செலவும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இருவரும் பொறுக்குகிறார்கள்; இருவரும் கேட்பது "என்னோடு நிலைத்திருப்பாயா?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லப் பகட்டு உதவாது, நாள்தோறும் பக்கத்தில் இருப்பதுதான் உதவும். மைனாவுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இருவாய்ச்சியின் கேள்வி இன்னும் கடுமையானது. 1991இல் கோலாலம்பூர் ஏரிப் பூங்கா வட்டாரத்தில் திறக்கப்பட்ட பறவைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இந்தப் பறவையை அருகிலிருந்தே பார்க்கலாம். முட்டையிடும் காலத்தில் பெண் இருவாய்ச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் உணவுச் சக்கையும் குழைத்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். ஏறக்குறைய மூன்று மாதம் அது உள்ளேதான். பல இனங்களில் அந்த நாட்களில் பெண்ணின் பறக்கும் இறகுகளே உதிர்ந்துவிடுகின்றன. அந்தக் கீற்றின் வழியே ஆண் அத்திப்பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்ட வேண்டும். ஆண் வராமல் போனால் பொந்தே கல்லறையாகிவிடும். எனவே பொந்துக்குள் போவதற்கு முன் அந்தப் பெண் அறிந்தாக வேண்டியது ஒன்றே: இவன் விடாமல் கொண்டுவருவானா? அடைபடுவதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே ஆண் பழம் கொண்டுவந்து பெண்ணின் அலகில் வைப்பதுதான் இருவாய்ச்சியின் காதலாட்டம். செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே செய்து காட்டுவதற்கு மேல் நம்பகமான பதில் எதுவும் இருக்க முடியாது. நமீபியாவில் வாழும் மான்டெய்ரோ இருவாய்ச்சியின் குஞ்சுகளை மரபணுச் சோதனை செய்து 2002இல் வெளியான ஆய்வில், வேறோர் ஆணுக்குப் பிறந்த குஞ்சு ஒன்றுகூட அகப்படவில்லை. இவ்வளவு உழைக்கும் ஆணுக்குக் குஞ்சு தன்னுடையது என்ற உறுதி தேவை. இவ்வளவு நம்பியிருக்கும் பெண்ணுக்கு அந்த உறுதியைக் குலைப்பதில் ஆதாயம் இல்லை.

தூக்கணாங்குருவியிடம் வரும்போது விஷயம் சுவையான சிக்கலாகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் விளிம்புகளில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் கரைகளிலும் புல் மண்டிய வெளிகளிலும் இவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மலாய்க்காரர்கள் தெம்புவா என்று அழைக்கும் இந்தக் குருவி, காரணம் இல்லாமல் தாழ்வான கிளையில் கூடு கட்டாது என்பது அவர்களின் பழமொழி. கூடு கட்டுவது ஆண். புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து முடைந்து, எட்டு நாளளவில் தலைக்கவசம் கவிழ்ந்தது போன்ற பாதிக் கூட்டை எழுப்புகிறது. அந்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டில் தொங்கியபடி இறக்கையை அடித்துக் கத்துகிறது. பெண்கள் வந்து உள்ளே புகுந்து நாரை இழுத்துப் பார்க்கின்றன. ஏற்றுக்கொண்டால் ஆண் மீதிக் கூட்டையும் நீண்ட வாயில் குழலையும் முடைந்து முடிக்கும். முழுக் கூட்டுக்குச் சுமார் 18 நாட்களும் 500 தடவை வரையான பறத்தலும் ஆகலாம். யாரும் ஏற்காத கூடு பாதியிலேயே காய்ந்து தொங்கும். 1930இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிமில் சாலிம் அலி இந்தக் குருவிகளைத் தொடர்ந்து கவனித்து, அதுவரை யாரும் தெளிவாகச் சொல்லாத ஒன்றைக் கண்டார். ஒரு பெண் குடியேறி முட்டையிட்டதும் ஆண் அங்கே தங்குவதில்லை. அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்கள். கூட்டின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்ற கதை நம் ஊர்களில் இன்றும் சொல்லப்படுகிறது. களிமண் உண்மை, விளக்கு கதை.

ஆணின் உழைப்பெல்லாம் கூட்டில்தான். குஞ்சுக்கு ஊட்டுவதில் அதன் பங்கு மிகச் சிறியது. அப்படியானால் பெண் ஆணின் இறகு மஞ்சளையோ இறக்கையடிப்பையோ பார்த்துப் பயனில்லை. கூட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று நம் விதி முன்னறிவிக்கிறது. இந்தியாவில் சுஹேல் குவாடர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த முன்னறிவிப்பைச் சோதிக்கப் பொருத்தமானது. பெண்கள் கூட்டைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றன. அதிலும் முடைச்சலின் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடத்துக்கே கூடுதல் மதிப்பு. பாம்பும் காகமும் எட்ட முடியாத கிளையில் தொங்குவது, அழகாக முடையப்பட்டிருப்பதைவிடக் குஞ்சைக் காப்பாற்றுகிறது. கலைஞன் என்று நாம் கொண்டாடும் பறவையை அதன் பெண், நல்ல மனை பார்த்தவன் என்பதற்காக ஏற்கிறது. மலாய்ப் பழமொழி சுட்டும் உயரத்தின் முக்கியத்துவம், பெண் தெம்புவா தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஒன்று.

இதுவரை ஆண் ஏதோ ஒன்றைத் தந்தது: துணை, உணவு, கூடு. இனி எதுவுமே தராத ஆண்களுக்கு வருவோம். குயில் தன் குஞ்சை வளர்ப்பதே இல்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. சில வேளைகளில் ஆண் குயில் காகத்தின் கண்ணில் பட்டு அதைத் துரத்தவிட்டு, அந்த இடைவெளியில் பெண் முட்டையிட வழி செய்வதுண்டு. பெரும்பாலும் பெண் தனியாகவே வந்து வேலையை முடிக்கிறது. முன்பு தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வடக்கிலிருந்து வலசை வரும் விருந்தாளியாகவே குயில் பெரிதும் அறியப்பட்டிருந்தது. கிள்ளானில் காகம் பெருகிய பிறகு அது இங்கேயே தங்கி இனம்பெருக்கும் பறவையாயிற்று. ஆக, பிரிக்பீல்ட்ஸின் விடியல் கூவல், காப்பித் தோட்டக்காரர்கள் இறக்கிய காகத்தின் தொலைதூர விளைவுகளில் ஒன்று. ஆண் குயிலிடமிருந்து பெண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய விந்து மட்டுமே. ஆண்மயிலும் அப்படித்தான்: கூடு, அடை, காவல் எதிலும் அதற்குப் பங்கில்லை. விசித்திரம் இங்கேதான். மிகக் குறைவாகத் தருகிற ஆண்களே மிக உரக்கக் கூவுகின்றன, மிக நீண்ட தோகையை விரிக்கின்றன. எதுவும் கிடைக்காத இடத்தில் பெண் ஏன் இவ்வளவு கவனமாகப் பொறுக்க வேண்டும்? என் வாதத்துக்கு எதிரான முதல் பெரிய தடை இது. அதைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

இந்தத் தடையின் வரலாறு மலாயாக் காட்டோடு பின்னியது. குவாங் ராயா என்று மலாயில் வழங்கும் பெரும் ஆர்கஸ், காட்டுக்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண் மேட்டு நிலத்தில் ஒரு தரையைத் தேர்ந்து, இலை, சுள்ளி, வேர்த்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்து வெறுந்தரையாக்கி, அதை நாள்தோறும் துப்புரவாக வைத்திருக்கிறது. காலையில் அங்கிருந்து எழுப்பும் குரல் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பெண் வந்தால் இரு இறக்கைகளையும் முன்னோக்கி வளைத்து ஒரு பெரிய கிண்ணம் போல் விரிக்கிறது. அப்போதுதான் ஒவ்வோர் இறகிலும் வரிசையாக அமைந்த கண்கள் வெளிப்படுகின்றன. அவற்றின் நிழலும் ஒளியும் குழிக்குள் உருண்டை கிடப்பதாகவே தோன்றுமளவுக்கு நுட்பமானவை. மற்ற நேரத்தில் இறகு மடிந்திருக்கும், கண்கள் மறைந்திருக்கும். 1867இல் ஆர்கைல் பிரபு, இத்தகைய அழகு படைப்பின் நோக்கமுள்ள வேலை என்று எழுதினார். 1871இல் டார்வின் இதே பறவையை எடுத்துக்கொண்டு, எளிய புள்ளியிலிருந்து முழு உருண்டைக் கண் வரை உள்ள எல்லாப் படிகளையும் ஒரே பறவையின் இறகுகளிலேயே காட்டினார். படிப்படியாக வளரக் கூடியது என்றால் தேர்வு செய்பவர் ஒருவர் வேண்டும். இறகு விரிவது பெண்ணின் முன்னால் மட்டுமே என்றால் அந்தத் தேர்வாளர் பெண்தான் என்பது அவர் முடிவு.

வாலஸ் அதை ஏற்கவில்லை. இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனித்துக் கண்டவர் அவர். மலாயாத் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் அலைந்தவர். ஓஃபிர் மலையடிவாரத்தில் ஆர்கஸின் குரலைக் கேட்டவர். ஒரு முதிய மலாய் வேட்டைக்காரர், இருபது ஆண்டுகளாக அந்தக் காட்டில் பறவை சுட்டும் கண்ணியில் சிக்கியதைத் தவிர ஓர் ஆர்கஸைக் கண்டதேயில்லை என்று தன்னிடம் சொன்னதை வாலஸ் பதிவு செய்திருக்கிறார். பரந்த காடெங்கும், எண்ணற்ற தலைமுறைகளாக, எல்லாப் பெண் பறவைகளும் ஒரே நுண்ணிய ரசனையைக் கொண்டிருந்தன என்பதை நம்ப முடியாது என்பது அவருடைய மறுப்பு. பெண் ஏதாவது பார்த்தால் அது ஆணின் உடல் வலிமையைத்தான். வண்ணம் அந்த வலிமையின் உபரி வெளிப்பாடு என்றார். இது கனமான மறுப்பு. பெண் பறவையை மனித ரசனையோடு கற்பனை செய்வதன் ஆபத்தை வாலஸ் டார்வினைவிடத் தெளிவாகப் பார்த்தார். ஆனால் வலிமைதான் பொருட்டு என்றால் இறகு மடிந்தே இருந்திருக்கலாம்; கண்ணுக்குள் அந்த நிழல் தேவையில்லை. டார்வினின் இந்தச் சான்றுக்கு வாலஸின் விளக்கத்தில் போதிய பதில் கிடையாது என்றே நான் நினைக்கிறேன்.

இருவர் சொன்னதையும் இணைக்கும் வழியை 20ஆம் நூற்றாண்டு கண்டது. ரொனால்ட் ஃபிஷர் 1930இல் காட்டியது இது: பெண்களில் பலர் நீண்ட தோகையை விரும்பத் தொடங்கிவிட்டால், அத்தகைய ஆணை ஏற்கும் பெண்ணின் மகன்களும் விரும்பப்படுவார்கள், விருப்பமும் தோகையும் ஒன்றையொன்று தூண்டி வளரும். எல்லாப் பெண்களுக்கும் ஒரே ரசனை எப்படி வந்தது என்ற வாலஸின் வியப்புக்கு இதிலேயே விடை உண்டு: மகன்களும் மகள்களும் தோகையின் மரபணுவையும் விருப்பத்தின் மரபணுவையும் சேர்த்தே பெறுகிறார்கள். 1975இல் அமோட்ஸ் சஹாவி வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். தோகை ஒரு சுமை. சுமையாக இருப்பதால்தான் அதை நம்பலாம் என்றார். தைப்பூசத்தன்று மயிற்பீலி சூடிய கனத்த காவடியோடு பத்துமலையின் 272 படிகளை ஏறி முடிப்பவரின் உடல் திடத்தைக் குறித்து யாருக்கும் ஐயம் எழுவதில்லை, எடையே சான்றாகிவிடுகிறது. காவடி நேர்த்திக்கடன், தோகை அப்படியல்ல. ஆனால் பொய்யாகச் சுமக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொது. ஆர்கஸின் சுமை இறகோடு நிற்பதுமில்லை. தரையில் கிடக்கும் எதையும் அகற்றியே தீரும் அதன் பழக்கத்தைப் பயன்படுத்தி, கூர்மையான மூங்கில் சிம்பை அந்தத் தரையில் நட்டு அதைக் கொல்லும் முறை 19ஆம் நூற்றாண்டுப் பறவையியல் குறிப்புகளில் உண்டு. அந்தத் தரையைப் பல ஆண்டுகள் பேணி உயிரோடிருக்கும் ஆண், எச்சரிக்கையிலும் உடல்நலத்திலும் தேறிய ஆண். ஹாமில்டனும் மார்லீன் சூக்கும் 1982இல் இதற்கு இன்னொரு பொருள் தந்தார்கள்: ஒட்டுண்ணி பீடித்த பறவையால் மினுக்கும் இறகை வளர்க்க முடியாது, பெண் இறகைப் பார்த்து நோய் எதிர்ப்பைப் படிக்கிறது. எதுவும் தராத ஆணிடம் கேட்கக் கூடிய ஒரே கேள்வி "உன் மரபணு எப்படி?" என்பது. அது கண்ணுக்குத் தெரியாத பொருள். தெரியாததைத் தெரிய வைக்க வேண்டியிருப்பதால்தான் பதில் அவ்வளவு பகட்டாகிறது. குறைவாகத் தருபவன் அதிகம் காட்டுவதன் முரண் இப்படி அவிழ்கிறது.

சான்று இருக்கிறதா? மயிலில் இருக்கிறது, எதிர்ச்சான்றும் அதிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் விப்ஸ்நேட் பூங்காவில் மேரியன் பெட்ரீ, தோகையில் கண்கள் மிகுந்த ஆண்களுக்கே கூடுதல் இணை சேர்வதை 1991இல் காட்டினார். கண்களை வெட்டி எடுத்தபோது இணைகள் குறைந்தன. பெண்களுக்குத் தேர்வு தராமல் இணை சேர்த்தபோதுகூட, பெரிய கண்கள் கொண்ட ஆண்களின் குஞ்சுகள் நன்றாக வளர்ந்து அதிகம் பிழைத்தன என்று 1994இல் வெளியிட்டார். இது முடிந்த விஷயம் என்று பலர் எண்ணியிருந்தபோது, ஜப்பானின் இசு பகுதியில் ஏழாண்டுகள் மயில்களைக் கவனித்த தக்காஹாஷியும் குழுவினரும், பெண்கள் தோகையைப் பொருட்படுத்துவதற்குச் சான்றே காணவில்லை என்று 2008இல் அறிவித்தார்கள். என் வாதத்துக்கு இது வசதியற்ற முடிவு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. 2011இல் ரோசலின் டாக்கினும் ராபர்ட் மான்ட்காமரியும் செய்த ஆய்வு இரண்டையும் ஓரளவு சமன் செய்கிறது. பெரும்பாலான ஆண்களின் கண் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று நெருக்கமானது. அந்த இயல்பான வேறுபாட்டைக் கொண்டு இணைகளின் எண்ணிக்கையைக் கணிக்க முடிவதில்லை. ஆனால் இயல்பான அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் பெண்கள் அந்த ஆணை ஒதுக்குகின்றன. அதாவது தோகை நுழைவுத் தகுதி. அதைத் தாண்டியவர்களிடையே தேர்வு வேறொன்றைக் கொண்டு நடக்கிறது. 2013இல் பெண்மயில்களின் பார்வையைக் கருவி பொருத்தித் தொடர்ந்தபோது, அவை தோகையின் கீழ்ப்பகுதியையே அதிகம் நோக்கின. மேலே எழும் விசிறியில் கண் படிந்த நேரம் குறைவு. நாம் வியக்கும் பகுதியும் பெண்மயில் மதிப்பிடும் பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூர்ப் பறவைப் பூங்காவில் மயிலைப் படம் எடுப்பவர்கள் நிற்கும் கோணம் பெண்மயிலின் கோணம் அல்ல.

இரண்டாவது தடை தேன்சிட்டு. செம்பருத்திச் செடியருகே தலைகீழாய்த் தொங்கும் ஆண் தேன்சிட்டின் கழுத்து உலோகம்போல் மின்னுகிறது, பெண் மங்கலானது. ஆயினும் ஆண் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. உதவும் தகப்பன் காகத்தைப் போல் எளிமையாக இருக்க வேண்டும் என்ற என் கணக்கு இங்கே தவறுவதாகத் தோன்றும். இதற்கு விடை 1980களில் மரபணு அடையாளச் சோதனை வந்த பிறகே வசப்பட்டது. பறவைகளில் பத்தில் ஒன்பது இனங்கள் இணையாக வாழ்பவை என்று 1968இல் டேவிட் லாக் கணக்கிட்டிருந்தார். குஞ்சுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது அந்த இணைவாழ்வு வேறு, தந்தைமை வேறு என்பது தெரிந்தது. அப்படி இணையாக வாழும் பாடும் பறவைகளில், சோதிக்கப்பட்டவற்றுள் சுமார் 14 விழுக்காட்டு இனங்களே உண்மையில் ஒரே இணைக்கு மட்டும் குஞ்சு ஈனுபவை. மற்றவற்றில் பெண் ஓர் ஆணோடு குடும்பம் நடத்தி, இன்னோர் ஆணிடமிருந்தும் விந்து பெறுகிறது. அப்படியானால் ஒரே ஆணுக்கு இரண்டு தேர்வுகள் காத்திருக்கின்றன: தன் வீட்டில் தகப்பனாக ஒன்று, பக்கத்து எல்லையில் மரபணுவாக மற்றொன்று. உழைப்பும் மினுக்கும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதை இது விளங்கவைக்கிறது. எல்லாத் தேன்சிட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வண்ணத்தின் ஒரு பங்கு எதிரி ஆண்களை மிரட்டவும் ஆகலாம்.

மூன்றாவது மறுப்பு அடிப்படையையே தொடுகிறது. ஆண் காட்டுகிறது, பெண் பார்க்கிறது என்ற சட்டகமே ஐரோப்பிய வட நாடுகளின் பறவைகளைப் பார்த்து உருவானது என்பது அது. இதில் பெருமளவு உண்மை உண்டு. 2014இல் வெளியான உலகளாவிய தொகுப்பொன்று, ஆராயப்பட்ட பாடும் பறவை இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுவதையும், அவற்றின் மூதாதைப் பறவையில் இரு பாலும் பாடியிருக்கக் கூடும் என்பதையும் காட்டியது. ஆண்டெல்லாம் எல்லையைக் காக்க வேண்டிய வெப்ப நாடுகளில் பெண்ணின் பாட்டுக்கு வேலை அதிகம். ஆனால் இதனால் என் வாதம் விழவில்லை; விரிகிறது. கேள்வி கேட்பது பெண் என்று நான் தொடக்கத்தில் "பெரும்பாலும்" என்ற சொல்லோடுதான் சொன்னேன். கேள்வியை நிர்ணயிப்பது பாலினம் அல்ல, செலவு. இலைக்கோழியில் ஆண் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிறது. அங்கே உருவில் பெரிய பெண்கள் ஆணுக்காகச் சண்டையிடுகின்றன. செலவு இடம் மாறியதும் போட்டியும் இடம் மாறிவிட்டது. டிரிவர்ஸின் விதிக்கு இதைவிட நல்ல சோதனையை யாராலும் வடிவமைத்திருக்க முடியாது.

இன்னும் தீராத முடிச்சு ஒன்று உண்டு. தலைமுறைதோறும் எல்லாப் பெண்களும் சிறந்த ஆணையே தேர்ந்தால், சில காலத்தில் எல்லா ஆண்களும் ஒரே தரமாகிவிட வேண்டும். அதன்பின் பொறுக்க எதுவும் மிஞ்சாது. ஆயினும் பெண்கள் பொறுக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒட்டுண்ணிகள் ஓயாமல் மாறுவதால் நேற்றைய சிறந்த மரபணு இன்று சிறந்ததாக இருப்பதில்லை என்ற ஹாமில்டன்–சூக் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதைச் சோதிக்க ஆர்கஸைவிட நல்ல பறவை குறைவு. மலேசியக் காடுகளில் அதை ஆராய்ந்து 1981இல் எழுதிய ஜெஃப்ரி டேவிசன், ஆண்கள் ஒரே இடத்தில் கூடாமல் தனித்தனியே விலகி நின்று ஆடுவதை விளக்கினார். பெண் ஒவ்வொரு தரையாகத் தேடிப் போக வேண்டும். எந்தப் பெண் எத்தனை தரைகளைப் பார்த்தது, எந்த ஆணின் குஞ்சு எத்தனை என்பதற்கு வாலஸின் காலத்தில் கண்ணியைத் தவிர வேறு கருவி இல்லை. இன்று தானியங்கிக் கேமராவும் உதிர்ந்த இறகிலிருந்து எடுக்கும் மரபணுவும் கைவசம் உள்ளன. பறவைதான் குறைந்து வருகிறது. தாழ்நிலக் காடு அழிவதாலும் கண்ணிகளாலும் 2020இல் ஆர்கஸ் உலகப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக மாற்றப்பட்டது. ஓர் ஆண் ஒரே தரையைப் பல ஆண்டுகள் பேணுவதால், அந்த மேடு மரம்வெட்டுக்குப் போகும்போது அங்கே நடந்த தேர்வின் தடமும் சேர்ந்தே போய்விடுகிறது. கேமராக்களை வைக்க வேண்டிய இடங்கள், மரம்வெட்டுத் திட்டங்களின் வரைபடத்தில் அந்த மேடுகள் நிறம் மாறுவதற்கு முன் குறிக்கப்பட வேண்டியவை.